முழங்காலைக் கட்டிக்கொண்ட கொத்தனார்

குத்தாலிங்கம் கொத்தனார் தம் வலது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மூங்கில் பிளாச்சை வைத்து, தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினார். சுவரைப் பிடித்து எழுந்து இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் முற்றத்துப் படி வந்தது. விறைத்த காலை முதலில் இறக்குவதா, நல்ல காலை இறக்குவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தானாகவே முடிவெடுத்துவிட்டது. கீழே கிடந்தபடியே காதிலிருந்த பென்சிலை எடுத்து, படியின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கன படி ஆகாது அண்ணாச்சி, சரிவுதான் போடணும். விழுந்த எடத்துல கோடு போட்டா கணக்கு தப்பாதுல்லா," என்றார் என்னிடம்.

மேலகரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். பனைமரத்துக்கு வேட்டி கட்டிய மாதிரி உயரம். பிறர் சொல்வதைக் கேட்டு அவர் எதையும் கட்டியதில்லை. "காதால கேட்டது கட்டடத்துக்கு ஆகாது, பட்டுப் பாக்கணும்" என்பார். என் வீட்டு அடுப்பை மாற்றிக் கட்ட வந்தவர், முதல் நாள் முழுக்கப் பழைய அடுப்பின் முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, எங்கள் வீட்டுத் தோசையை அன்று அவரே சுட்டார். அதில் ஆறு அவருக்கே போயிற்று. மறுநாள் கட்டிய அடுப்பில் என் மனைவி இன்றுவரை குறை கண்டதில்லை. என்னிடம் அவள் காணும் குறைகளை எண்ணிப் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல.

ஆய்க்குடியில் ஒருவருக்குக் கோழிக்கூடு கட்டியபோது, உள்ளே காற்று வருகிறதா என்று அறியத் தலையை விட்டிருக்கிறார். "வரலை" என்று உள்ளேயிருந்தே சொன்னார். தலையை வெளியே எடுக்கக் கூட்டை இடிக்க வேண்டியதாயிற்று.

இந்த மனிதரைத்தான் நான் கடையநல்லூருக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒலி முகம்மது என்று எனக்கு ஒரு பள்ளித் தோழர், இரண்டு தறி வைத்திருக்கிறார். "வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வேலை" என்று ஆரம்பித்தவர், அது என்ன வேலை என்பதைச் சொல்ல மூன்று டீ குடித்தார். அவர் மனைவி சைதூன் பீவி கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் உடைந்துபோயிற்று. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. மடங்காத காலோடு முற்றத்துப் படி இறங்க முடியாது. கொல்லைக் கடைசியில் இருந்த கக்கூசிலோ, கால் வைக்க இரண்டு கல், அவ்வளவுதான். குந்தி உட்கார வேண்டும்.

நாங்கள் போனபோது அந்த அம்மாள் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார்.

"கொத்தனாரே, எனக்கு அரமனை ஒண்ணும் வேண்டாம். ஒருத்தரையும் கூப்பிடாம ஒரு தடவை போய்ட்டு வரணும். ஒரு பக்கம் நாத்தனா ஜாஹிரா பிடிக்கா, மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரி பிடிக்கா. மூணு மாசமா நான் எப்பப் போறேன், எப்ப வாறேன்னு தெருவுக்கே தெரியுது."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. நான் தறியைப் பார்த்தேன். ஒலி முகம்மது தரையைப் பார்த்தார். குத்தாலிங்கம் உத்திரத்தைப் பார்த்தார்.

பெண்களோடு பேசும்போது அவர் எப்போதும் உத்திரத்தைத்தான் பார்ப்பார். அது அவருடைய மரியாதை. விவரம் தெரியாத பெண்கள், மேலே விரிசல் விட்டிருக்கிறது என்று பயந்துபோவதுண்டு. அன்றைக்கும் கழுத்தை அண்ணாந்தபடியே நின்றதில், திரையின் மேல்பக்கத்தைப் பிடித்திருந்த நான்கு விரல்கள் மட்டும் அவர் கண்ணில் பட்டன. அதை அவர் மனதில் குறித்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

"குந்தாம உக்காருத மாதிரி துரைமார் வச்சிருப்பாங்களே, அது எங்கயாவது பாக்கக் கெடைக்குமா?" என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டார். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் பழைய பங்களா ஒன்று உண்டு. அதன் காவல்காரர் மாடன் எனக்குத் தெரிந்தவர். சீசன் நேரம், ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் கக்கூஸ் பார்க்கப் போனோம்.

வெள்ளைப் பீங்கானைக் கண்டதும் குத்தாலிங்கம் செருப்பை வாசலிலேயே கழற்றினார். காலைக் கட்டிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அதன் மூடியின் மேல் அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று.

"ஏ கொத்தனாரே, தூங்கிட்டீரா?" என்றார் மாடன்.

"சும்மா இரியும். எழுந்திரிக்கதுக்குக் கை எதைத் தேடுதுன்னு பாக்கேன்," என்று கண் திறக்காமலே பதில் வந்தது. கை, வலதுபக்கச் சுவரில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு பிடி வேண்டும் என்பது அப்படித்தான் முடிவாயிற்று.

வேலை தொடங்கியது. தாம் விழுந்து கோடு கிழித்த முற்றத்துப் படியை உடைத்துச் சரிவு போட்டார். அதில் முதலில் ஏறி வந்தது பக்கத்து வீட்டு ஆடு. அது தறி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கொல்லையில் இரண்டு கல்லையும் பெயர்த்துவிட்டுச் செங்கல்லால் ஒரு பீடம் எழுப்பினார். சாரலில் காரை காய மறுத்ததால் மேலே ஓலை கட்டி, உள்ளே கரிச்சட்டி வைத்துக் காயப்போட்டார். பிடிக்கு, ஒலி முகம்மது கழற்றிப் போட்டிருந்த பழைய தறி மரம் ஒன்றைச் சுவரில் பதித்தார். பல வருஷம் கை பட்டு வழுவழுவென்று இருந்தது அது.

எல்லாம் முடிந்த அன்று நாங்கள் ஆண்கள் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜாஹிரா மதினியைச் சரிவு வழியாக அழைத்துப்போனாள்.  பிறகு சைதூன் பீவியின் குரல் கொல்லையிலிருந்து வந்தது.

"கொத்தனாரே, இது ஒட்டகத்துக்குக் கட்டுனதா?"

பீடம் அவ்வளவு உயரம். நல்ல கால்கூடத் தரையில் படவில்லை. முன்பு இரண்டு பேர் போதும்; இப்போது ஏற்றிவிட இரண்டு பேர், இறக்கிவிட மூன்றாவதாக ஒருவர்.

குத்தாலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. "நாலு வெரலும் என் காதுக்கு நேரா இருந்துச்சே அண்ணாச்சி. ஆளு என் ஒசரம்னுல்லா நெனச்சேன்," என்றார் என்னிடம் மெதுவாக.

உள்ளறைத் தளம் தறிக்கூடத்தைவிட ஒரு முழம் உயரம் என்பது வீட்டுக்குள் நுழையும் யாருக்கும் தெரியும். மட்டம் பார்த்தே பிழைக்கிற மனிதர், உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு தளத்தைக் கோட்டைவிட்டார். அந்த அம்மாள் நம் ஊர்ப் பெண்களிலேயே கொஞ்சம் குள்ளம்.

"கேட்டிருக்கலாமேவே," என்றேன்.

"ஒருத்தர் வீட்டுப் பொம்பளையோட ஒசரத்தை எப்படிக் கேக்கது? கேட்டாலும் அவர் எப்படிச் சொல்லுவாரு?"

ஒலி முகம்மதுவைப் பார்த்தேன். அவர் காது சிவந்திருந்தது. சொல்லியிருக்கமாட்டார் என்பது நிச்சயம்.

அன்று குத்தாலிங்கம் சாப்பிடவில்லை. பீடத்தின் எதிரில் உட்கார்ந்து, செத்த வீட்டில் இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஜாஹிரா வந்து, ஒரு நூலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தறிக்குப் போடுகிற சிவப்புப் பாவு நூல். அதில் இரண்டு முடிச்சு இருந்தது.

"மதினி குடுக்கச் சொன்னாவ. நுனியில இருந்து மொத முடிச்சு, உக்காருத ஒசரம். ரெண்டாவது முடிச்சு, கை பிடிக்க எட்டுத ஒசரம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேம்னு சொன்னாவ."

நெசவு வீடு. காலடியில் எல்லாம் நூல் கிடக்கிறது. மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. குத்தாலிங்கம் நூலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே கடப்பாரையைத் தேடினார்.

நான்கு வரிசைச் செங்கல் இறங்கியது. தறி மரமும் கீழே இறங்கியது. ஒவ்வொரு வரிசைக்கும் நூலைப் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை காலைக் கட்டிக்கொள்ளவில்லை. உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. "இது என் ஒடம்பு இல்லைலா" என்று மட்டும் சொன்னார். அப்படி அவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் முறை சோதனை நடந்த அன்று காலை, அவர் கொல்லை வாசலில் உட்கார்ந்து மட்டப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜாஹிரா அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சைதூன் பீவி தனியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு, சரிவில் இறங்கிப் போனார். வலது கால் மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டது, நின்றது. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்று மாதப் பழக்கம். ஜாஹிரா அரிசியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஓடி வந்தாள்.  குத்தாலிங்கம் எழுந்து நின்று, கையிலிருந்த மட்டப்பலகையை அவள் வழிக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டார்.