எடைமேடை கேட்ட ரேம்

பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் மாற்றும் வேலையில் பாதி நாள் “இது சேராதுங்க” என்று சொல்வதில் போகும், மீதி நாள் “ஏன் சேராது?” என்பவரோடு போகும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியும். நான் பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாலக்கோட்டில் ரிப்பேர் கடைக்கு வந்தவள். பொறுமை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

லேப்டாப் ரேம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை, எடைமேடை மாதப்பன் அண்ணன் போன் செய்தார். லாரிக்கு எடைச்சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டர் கீச்கீச்சென்று கத்துகிறதாம், திரை வரவில்லையாம். அந்த எடை சாப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. வாசலில் தக்காளி லாரிகள் வரிசையில் நிற்கின்றன. சீட்டு இல்லாமல் ஒரு வண்டியும் நகராது. வெயில் ஏறினால் தக்காளி கூழாகிவிடும்.

“ரேமா இருக்கும்” என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணன் தன் மகனின் புது லேப்டாப்பிலிருந்து ரேமைக் கழற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அது விரல் நீளம். அவருடைய மிஷினுக்கு வேண்டியதோ தகரச் சட்டை போட்ட பழைய ரகம்; சந்தைக்கு வந்த வேகத்தில் காணாமல் போனது. சேராது என்றேன். “இம்மாம் விலை கொடுத்த லேப்டாப்பு கண்ணு, அதுல இருக்கறது இந்த ஓட்டைப் பொட்டிக்குப் பத்தாதா?”

அரம்

ரேமின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். ரகத்துக்கு ரகம் அது இடம் மாறும், தப்பானதைச் செருகக்கூடாது என்றுதான். நான் பரணில் சரியான ரகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் குப்பைத் தட்டிலிருந்து ஏதோ ஒரு ரேமை எடுத்துக்கொண்டு எதிர்க்கடை டிராக்டர் மெக்கானிக்கிடம் போய்விட்டார். அவர் அரத்தால் ராவிப் புது வெட்டு போட்டு, ஊதிக்கொண்டே கொண்டுவந்தார். போட்டால் போர்டே புகைந்துவிடும் என்று பிடுங்கி வைத்தேன். மெக்கானிக்குக்குக் கோபம். “கியர்பாக்ஸையே ராவி உக்கார வெச்சவன் நான், இந்தத் தம்மாத்துண்டு உக்காராதா பாப்பா?”

முதுகு

சரியான ரகம் ஒரு ஜோடி கிடைத்தது. எடைமேடைக்கே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பழைய ரேம் மேல் சந்தனப் பொட்டு! அண்ணனின் மச்சான் சின்னசாமி பூஜைக்காக உள்ளே துடைத்திருந்தார். மற்ற நாளெல்லாம் அவருக்கு அங்கே நாற்காலியில் உட்காருவதுதான் வேலை. ஜோடியை மாற்றியும் கத்தல் நிற்கவில்லை. வெளியே ஹாரன் காதைக் கிழித்தது.

அப்புறம்தான் பார்த்தேன், ஒரு ஸ்லாட் காலி. இந்த ரகத்தில் ரேம் இல்லாத ஸ்லாட்டில் சிப்பே இல்லாத வெறும் பலகையாவது செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் எழாது. “இங்க இருந்த பலகை எங்கீங்க?” என்று கத்தினேன். “அதுல ஒண்ணுமே இல்லீங்களே, வேஸ்ட்டுனு எடுத்துட்டேன்” என்றார் சின்னசாமி, முதுகைச் சொறிந்துகொண்டே. சொறிந்தது அதை வைத்துத்தான்.

வாங்கி, ரப்பரால் தேய்த்துச் செருகினேன். திரை வந்தது. முதல் லாரி மேடை ஏறியது. மாதப்பன் அண்ணன் பெட்டிக்குள் ஒருமுறை, மச்சானை ஒருமுறை பார்த்தார். “இதுவும் உன்னாட்டந்தான்டா மச்சான், ஒரு வேலையும் செய்யாது, இதை எடுத்தா மிஷின் ஓடாது, உன்னை எடுத்தா உங்கக்கா வூட்டையே ஓட வுடமாட்டா!”

இப்போதெல்லாம் யார் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தாலும், என்ன ரேம் என்று நான் கேட்பதில்லை, கடைசியாகத் துடைத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.