சஹன் உயரத்துக்கு ஓர் இருக்கை

என் வீட்டுக்காரருக்கு நான் பாட்டிலில் ஓர் இருக்கை செய்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பாட்டில்தான். எந்த மூளையோடு அதைச் செய்தாய் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியாவது ஆறியிருப்பேன். எல்லாரும் பாவம் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடு கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அவர் இருபது வருடத்துக்கு மேல் சவுதியில் இருந்தார். சொந்தத் தங்கையின் நிக்காஹைக்கூட போனில்தான் பார்த்தார். ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும், இனிமேல் போவதில்லை என்று பெட்டியோடு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாவது மாதம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். இடது கையும் இடது காலும் போய்விட்டன. பேச்சு குழறியது. வலது பக்கம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹை நோன்புக்கு முன்னால் வைத்துவிடுவது என்று முடிவானது. கட்டிலில் கிடந்தபடி அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாப்பிள்ளையோட ஒரே சஹன்ல நான் உக்காரணும் புள்ள."

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாடு இலையில் கிடையாது. தரையில் விரிப்புப் போட்டு, சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் கறியும் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் கை அவரவர் பக்கத்துச் சோற்றில்தான் போகும். மாப்பிள்ளை உட்காருகிற சஹனில் பெண்ணைப் பெற்ற அத்தாவும் உட்காருவார். அத்தனை வருடம் அறையில் தனியாகத் தின்ற மனிதர், ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

ஆனால் எப்படி உட்கார வைப்பது? நாற்காலியில் வைத்தால் கை தட்டுக்கு எட்டாது. தரையில் வைத்தால் இடது பக்கமாகச் சாய்ந்துவிடுவார். தலையணை முட்டுக் கொடுத்தோம், தலையணையோடு சேர்ந்து சரிந்தார். தச்சரிடம் போய்ச் சொன்னேன்: ஒரு சாண் உயரம் வேண்டும், முதுகுக்குச் சாய்மானம், இடது பக்கம் மட்டும் சுவர் மாதிரி ஒரு தடுப்பு.

"கல்யாண சீசனும்மா, கட்டில் வேலையே முடியல. நோன்பு கழிச்சு செஞ்சு தர்றேனே" என்றார்.

"நோன்பு கழிச்சு என் மகளுக்கு இன்னொரு தடவை நிக்காஹ் வைக்கவாய்யா?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன்.

மகள்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு பெண், பழைய பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி முக்காலி செய்து, அதன் மேல் ஏறி நின்று காட்டினாள். இவ்வளவுதானா, இதை நான் செய்ய மாட்டேனா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் போய் இரண்டு சாக்கு நிறைய பாட்டில் பொறுக்கினேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா, "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார். "கப்பல் கட்டப் போறேன்" என்றேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு தெம்பு இருந்தது.

வெறும் பாட்டில் அழுத்தினால் நசுங்கியது. மணல் அடைக்கலாம் என்றாள் மகள். மணலை அடைத்தால் அதை யார் தூக்குவது? நெல் விளைகிற ஊரில் இருப்பவளுக்கு உமியை விட்டால் வேறென்ன தோன்றும்? முட்டை அடுக்குவது உமியில், கோழிக் கூட்டில் பரப்புவது உமி, பாத்திரம் தேய்ப்பது உமிச் சாம்பலில். சம்பா அறுவடை நேரம் வேறு. தெருக்கோடி மில்லில் உமி குவிந்து கிடந்தது. சின்ன மில், அதனால் தவிடும் குருணையும் கலந்துதான் இருக்கும். அது தெரிந்தேதான் அள்ளி வந்தேன்.

நானும் மகளும் நாலு நாள் உட்கார்ந்து, சப்பாத்திக் கட்டையின் கைப்பிடியால் குத்திக் குத்தி அடைத்தோம். கல்யாணப் பெண்ணின் உள்ளங்கை கன்றிப் போயிற்று. அடைத்த பாட்டில்களை நிற்க வைத்து, அகல டேப்பால் சுற்றிச் சுற்றி இறுக்கினோம். மூடி உள்ளவற்றை உட்காரும் இடத்துக்கு வைத்தேன், பாரம் அங்கேதானே விழும் என்று. மூடி இல்லாதவற்றின் வாயைத் துணியால் அடைத்து இடது பக்கத் தடுப்புக்கு வைத்தேன். மேலே அட்டை, பழைய மெத்தை. அதற்கும் மேலே பச்சைத் துணியில் உறை தைத்துப் போட்டேன்.

உட்கார வைத்துப் பார்த்தோம். நின்றார்! அதாவது, சரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது தோளைத் தடுப்பில் சாய்த்துக்கொண்டு வலது கையை நீட்டினார். முன்னால் காலி சஹனை வைத்து ஒரு பிடி பொரியைப் போட்டேன். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எந்த ஷேக்குக்கும் இப்படி ஒரு ஆசனம் கெடையாது" என்றார் குழறலாக.

"வாய வச்சுகிட்டு சும்மா இருங்க மச்சான், கண்ணு பட்டுடப் போவுது" என்றேன். ஆனால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் விழுந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பச்சை உறையில் சுண்ணாம்பு தெறிக்குமே என்று இருக்கையைக் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் மிச்ச உமிச் சாக்கும் இருந்தது. வயலில் அறுப்பு முடிந்துவிட்டது. அறுப்பு முடிந்தால் வயல் எலி எங்கே வரும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தினம் காலையில் கொட்டகைத் தரையில் உமி சிந்திக் கிடந்தது. சாக்கிலிருந்து கொட்டியிருக்கிறது என்று நினைத்துத் தினமும் கூட்டி அள்ளினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த உறையைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. பார்க்கவில்லை.

நிக்காஹ் அன்று எங்கள் தெருவையே அடைத்துப் பந்தல். சாப்பாட்டுக்கு ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி, நடுவில் திரை. நான் திரை ஓரமாக நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொழுந்தன் இருக்கையைத் தூக்கி வந்து போட்டான். அவரை அலாக்காகத் தூக்கி அதில் உட்கார வைத்தான். புது வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. எதிரே மாப்பிள்ளை, பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தா, இந்தப் பக்கம் கொழுந்தன். சஹன் வந்தது. சோற்றிலிருந்து ஆவி பறந்தது. அவர் பிஸ்மில்லாஹ் சொல்வது உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டி ஒரு பிடி சோறு எடுத்தார்.

அந்த ஒரு பிடி வாய்க்குப் போகவில்லை. இடது தடுப்பு சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அவரும் கூடவே போனார். விழாமல் இருக்கத் தட்டின் விளிம்பைப் பிடித்தார் போலிருக்கிறது, முகம் சோற்றில் விழுந்தது. கிழிந்த உறையிலிருந்து உமி குபுகுபுவென்று கொட்டி, அவர் தலையிலும் சஹனிலும் விழுந்தது.

யா அல்லாஹ், நான் அந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். அத்தனை ஆண்கள் இருக்கிற இடத்துக்கு எப்படிப் போவது என்று திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மாப்பிள்ளைதான் முதலில் தூக்கினார். நல்ல பிள்ளை. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் முகத்திலிருந்த சோற்றையும் உமியையும் துடைத்தார். "ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல. வேற சஹன் வைக்கச் சொல்றேன், என் மேல சாஞ்சுக்குங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"என்னைய உள்ள கொண்டு போய்டுங்க" என்றார். அது மட்டும் குழறாமல் தெளிவாக வந்தது.

கொழுந்தன் பிறகு உறையைக் கிழித்துப் பார்த்தான். துணி அடைத்த பாட்டில்கள் அத்தனையும் கடிபட்டிருந்தன. எலிகள் துணியைப் பிடுங்கி, வாயைப் பெரிதாகக் கடித்து, உள்ளே இருந்த குருணையைத் தின்றிருந்தன. மூடி போட்ட ஒன்றையும் எலி தொடவில்லை. "உங்களுக்கு எப்புடி அண்ணி தெரியும், விடுங்க" என்றான். எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவளுக்கு எலி தெரியாதா?

மகள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, "என்னைத் திட்டுங்க மச்சான், நாலு வார்த்தை திட்டிடுங்க" என்று அழுதேன். "நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு உட்கார வைக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்கிறார். உடற்பயிற்சி சொல்லித் தர வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். படுத்த வாக்கில் நான் ஊட்டுகிறேன்.

பெருநாள் கழித்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அதே தச்சரிடம் சொல்லி, மாப்பிள்ளை தேக்கில் ஓர் இருக்கை செய்து எடுத்து வந்திருந்தார். நான் கேட்ட அதே ஒரு சாண் உயரம், இடது பக்கம் தடுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு, இருக்கையை வைத்து, தானே அதில் ஏறிக் குதித்துக் காட்டினார்.

"பாருங்க மாமா, யானை உக்காந்தாலும் அசையாது. வாங்க, நாம நாலு பேரும் ஒரு சஹன்ல சாப்புடுவோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தா தூங்கிட்டாங்க போல" என்றாள் மகள்.

இமை துடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொன்னேன். சோறு ஆறுகிறதே என்று மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட்டு முடித்தோம். அவர் பக்கத்துச் சோறு மட்டும் சஹனில் அப்படியே இருந்தது.