நான்காம் வகுப்பில் காற்றுப் பாடம்

காட்டூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போன வாரம் கழிவுநீர் லாரி வந்தது. லாரி வந்தால் எல்லா வீட்டிலும் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்கும். நான் மட்டும் கீழே இறங்கிப் போவேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தொட்டியின் மூடியைத் திறக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். முதல் தடவை லாரிக்காரர் என்னை வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே யாரும் இறங்க மாட்டீங்கல்ல என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். "குழாய்தான் மேடம் இறங்கும்" என்றார். இருந்தாலும் மூடி திரும்ப மூடப்படும் வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். எதிர் வீட்டு அம்மாள் இதைப் பற்றி என் கணவரிடம் ஏதோ வியாதியைப் பற்றிக் கேட்பதுபோல விசாரித்தாராம்.

வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஸ்ரீரங்கத்தில் தொற்றியது.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வையம்பட்டி. காட்டூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக என்னை ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கோபுரம், தேர், பிரசாதக் கடை எல்லாம் தாண்டி, கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்தது அது. காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம், அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். கட்டாயம் புடவை கட்ட வேண்டும் என்று விதி. பஸ்ஸில் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் உடம்பெல்லாம் ஊக்கு குத்திக்கொண்டு போவேன். குனிந்து சாக்பீஸ் எடுப்பதுகூடப் பெரிய சாகசம்.

நான்காம் வகுப்பு ராஜாத்தி டீச்சருடையது. அன்பானவர், ஆனால் களைத்துப் போனவர். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு வகுப்பின் நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். என் முதல் பாடம் மனித உடல். இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் வரைந்த நுரையீரல் படத்தைச் சுவரில் மாட்டினேன். முன் வரிசைப் பையன் ஒருவன் அதைக் கத்தரிக்காய் என்றான். இன்னொருத்தி இல்லை, காய்ந்த கத்தரிக்காய் என்று திருத்தினாள். அந்த வகுப்பில் நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அதனால் காற்றுப் பாடத்துக்குப் படம் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். சித்தியிடம் கேட்டு இரண்டு கண்ணாடி டம்ளர்கள் எடுத்துப் போனேன், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டு மெழுகுவர்த்திகளை ஒரே உயரத்துக்கு வெட்டி மேஜையில் ஒட்டவைத்தேன். கதவு ஓரம் காற்று வந்ததால் பிள்ளைகளை மறைத்து நிற்கச் சொன்னேன். டம்ளர்களை ஒரே நேரத்தில் கவிழ்த்ததும் வகுப்பு முழுவதும் எண்ண ஆரம்பித்தது. சின்ன டம்ளரில் இருந்தது முதலில் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. பெரியதில் இருந்தது கொஞ்சம் தாக்குப்பிடித்துவிட்டு அணைந்தது. திரியிலிருந்து எழுந்த புகை டம்ளருக்குள்ளேயே சுற்றியது. ராஜாத்தி டீச்சர்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பாடம் பிள்ளைகளுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அணைந்த திரியின் வாசனை பட்டால் முதலில் அந்தச் சந்தோஷம்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிறது.

மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு ஒரு பெண் மட்டும் மேஜை அருகே நின்றாள். சுகன்யா என்று பெயர். நான் போனதிலிருந்து அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பேச மாட்டா டீச்சர் என்று மற்ற பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், மனுஷங்களும் இப்படித்தான் அணைவாங்களா?"

பேசாத பிள்ளை கேள்வி கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. ஆமாம், நமக்கும் காற்று இல்லாவிட்டால் உயிர் இருக்காது என்று உற்சாகமாக விளக்கினேன். குடித்திருந்தால்தான் அணைவார்களா என்று அடுத்துக் கேட்டாள். அது எனக்குப் புரியவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ராஜாத்தி டீச்சர்தான் சொன்னார். அவள் அப்பா நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு தங்கும் விடுதியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனாராம். ஏகாதசிக் கூட்டம், தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கு எப்போதும் கரையோரம் இவர்கள் தெரு ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். குடித்துவிட்டுத் தடுமாறி விழுந்தார் என்று விடுதிக்காரர்கள் சொன்னார்கள். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அதைச் சொல்லித்தான் சுகன்யாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பேச்சை நிறுத்தியது அதிலிருந்துதான். டீச்சர் சொல்லி முடித்தபோது என் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் அவள் அம்மா செல்வி நின்றிருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருந்திருப்பார். வீட்டு வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். பிள்ளை ராத்திரி முழுக்க மெழுகுவத்தியைப் பத்தித்தான் பேசுனா டீச்சர் என்று தொடங்கினார். பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அன்னிக்கு அவரு குடிக்கல டீச்சர். தூக்கிட்டு வந்து போட்டப்ப வாயை நான் மோந்து பாத்தேன். சாக்கடை நாத்தம்தான் அடிச்சிது."

புருஷன் முன்னால் எப்போதோ குடித்துக்கொண்டிருந்தவர்தான் என்பதால் செல்வி சொன்னதை யாரும் நம்பவில்லை. மாமனாரே நம்பவில்லை. மகனைக் கண்டிக்காமல் குடிக்கவிட்டாள் என்று மருமகள் மேல் அவருக்குக் கோபம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு செல்வி கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். அந்த மெழுகுவத்தியை மாமாவுக்கு ஒருதடவை காட்டுங்க டீச்சர் என்றார்.

அன்று சாயங்காலம் டம்ளர்களைப் பையில் போட்டுக்கொண்டு சுகன்யாவின் கையைப் பிடித்துப் போனேன். கரையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். செல்வியின் மாமனார், சுகன்யாவின் தாத்தா, வாசலில் குந்தியிருந்தார். கட்டட வேலை செய்து காய்த்துப்போன கைகள். பேத்தி சொன்னதற்காக உள்ளே வந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்திருந்த செல்வி பின்னால் நின்றார். தரையில் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். டம்ளரைக் கவிழ்த்ததும் சுகன்யா மெல்லிய குரலில் எண்ணினாள். சுடர் அணைந்தது. இன்னொரு தடவை வை என்று தாத்தா கை காட்டினார்.

இரண்டாவது தடவை சுடர் சுருங்கி நீலமாகும்போது அவரே குனிந்து டம்ளரைத் தூக்கிவிட்டார். சுடர் துள்ளி எழுந்தது.

"தூக்கியிருந்தா பொழைச்சிருப்பானாம்மா?"

எனக்குப் பத்தொன்பது வயது. தெரிந்ததைச் சொன்னேன். தொட்டிக்குள் காற்று இல்லை என்பது மட்டுமில்லை, விஷவாயு இருக்கும். அதை இழுத்தவுடன் மயக்கம் வந்துவிடும். சட்டென்று தூக்கியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றேன். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் இறங்கினால் அதே கதிதான் என்றும் சொன்னேன். செல்வியின் முகம் வாடிவிட்டது. அவர் என்னிடம் எதிர்பார்த்தது அதுவல்ல. தன் புருஷன் குடிக்கவில்லை என்று நான் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு அதைக் காட்ட வழியில்லை.

தாத்தா யாரைப் பார்த்தும் சொல்லாமல், "அப்ப ஏன் இறக்குனாங்கன்னுல்ல கேக்கணும்" என்றார். எழுந்து பானை அருகே போய், மருமகளே தண்ணீர் மொண்டு கொடுக்கட்டும் என்று காத்து நின்றார். செல்வி சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தார். செல்வி சுவரோரம் திரும்பி அழுதார். சுகன்யா டம்ளரைத் தன் பாவாடையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

தாத்தா மறுநாளே விடுதிக்குப் போய் அதைக் கேட்டிருக்கிறார். உள்ளே விடவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை, அவனாக வந்து இறங்கினான் என்றார்களாம். அப்படியானால் குடிச்சிட்டு விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தது எதற்கு என்று இவர் கேட்டிருக்கிறார். தினமும் போய் உட்கார்ந்தார். தரிசனத்துக்கு வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு பெட்டியோடு உள்ளே போவார்கள்.

இதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று புகார் வந்தது. எங்கள் பயிற்சி நிறுவனத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். என் பாடத்தைப் பார்க்க அல்ல. படிக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஊருக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளிக்குப் போகச் சொன்னார். நான் விளக்க வாயெடுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராஜாத்தி டீச்சர் என் படங்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கும் இங்க இருக்கப்போறது நான்தான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுகன்யாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. சத்தமாகத்தான் சொன்னாளா என்று அந்தக் கூச்சலில் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்த பிறகு ஒருநாள் சத்திரம் பஸ் நிலையத்தில் தாத்தாவைப் பார்த்தேன். செல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். தானும் அங்கேதான் போகிறாராம். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தொட்டிக்கு மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

"கேட்டுட்டேம்மா. பதில்தான் வரல" என்று சொல்லிவிட்டுக் கரூர் பஸ் பக்கம் நடந்தார்.

நான் தேர்ச்சி பெற்றேன். ஆனால் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. என்னுடன் படித்தவர்களில் பலருக்கும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரிசைப்படி பெயர் கூப்பிடுகிறேன். உள்ளேன் ஐயா என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் படித்த பயிற்சி நிறுவனம் மூடப்பட்டுக் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கூடத்தில் பந்தி நடக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ராஜாத்தி டீச்சர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் இறந்துபோனார். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தப் புரட்டாசியில் கோயிலுக்குப் போனபோது கொள்ளிடக்கரைப் பக்கம் நடந்து பார்த்தேன். அந்த வரிசை வீடுகள் இருந்த இடம் முழுக்கச் சமப்படுத்தி ஜல்லி கொட்டியிருந்தது. வெளியூர்க் கார்கள் நின்றன. சீட்டுக் கிழிக்கிறவரிடம், இங்கே இருந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவர் என்னையும் கார்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடாங்க? இங்க எப்பவும் பார்க்கிங்தாங்க."