அந்தப் பச்சைக் கட்டத்தைப் போட்டவன் நான்

என் மகளின் வேலையைக் கெடுத்தவன் நான்தான். அந்தப் பழி ஒரு பாவமும் அறியாத பெண்ணின் தலையில் விழுந்தபோது, வாய் கூசாமல் பொய் சொன்னவனும் நான்தான்!

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டினால் திட்டுங்கள். நானே என்னைத் திட்டிக்கொள்வதைவிட அது பெரிதாக இருந்துவிடாது.

பெங்களூரில், அடுகோடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு ஆஸ்டின் டவுனில். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. மகள் நித்யா இன்ஜினியரிங் முடித்தவள். தினமும் லேப்டாப்பில் ஒரு கோடிங் கேள்விக்கு விடை எழுதுவாள். சரியாக இருந்தால் அன்றைய தேதிக்கு ஒரு கட்டம் பச்சையாகும். ஒரு நாள் விட்டாலும் வரிசை அறுந்துபோகும்.

மாடி வீட்டு ஸ்டெல்லாவும் இவளும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் பாஸ்வேர்டு இன்னொருத்திக்குத் தெரியும், அவ்வளவு ஒட்டு.

"முடிச்சிட்டியாடி, இல்ல இன்னும் முழிச்சிட்டிருக்கியா?" என்று ஸ்டெல்லா மேலிருந்து கத்துவாள்.

"உன் வேலையைப் பாருடி, பெரிய மேதாவி!" என்று இவள் கீழிருந்து கத்துவாள்.

எனக்கு அது படிப்பாகவே தெரியவில்லை... விரதமாகத் தெரிந்தது! ஒன்றை நாள் தவறாமல் செய்கிறவளை மாரியம்மன் கைவிடமாட்டாள் என்று நம்பினேன்.

ஒருமுறை காய்ச்சல் முற்றி அவளை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். டிரிப்ஸ் ஏறும் கையோடு, "இன்னைக்குக் கட்டம் போயிடும்பா..." என்று அழுதாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவள் ஏற்றும் சாமி விளக்கை நான் ஏற்றினேன். வீட்டில் ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் ஏற்றுவதுதானே எங்கள் வழக்கம்? அதே நினைப்பில் லேப்டாப்பையும் திறந்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை; அவளுடைய பக்கம் திறந்தபடியே இருந்தது.

அன்றைய கேள்வியின் தலைப்பை இணையத்தில் தேடினேன். யாரோ எழுதிவைத்த விடை கிடைத்தது. நகல் எடுப்பதுதானே என் பிழைப்பு! ஓர் எழுத்து, ஒரு புள்ளி விடாமல் எடுத்து ஒட்டினேன். கட்டம் பச்சையானது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

முட்டாள்! அந்த விடையின் முதல் வரியில் அதை எழுதியவனின் பெயர் இருந்தது. மூலத்தில் கைவைக்கக் கூடாது என்ற கடைப் புத்தியில் அதையும் சேர்த்தே ஒட்டியிருக்கிறேன்!

வீடு திரும்பியவள் கட்டம் பச்சையாகவே இருப்பதைப் பார்த்து, "ஒரு நாள் விட்டா சலுகை தர்றாங்க போலப்பா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? உள்ளுக்குள் அவ்வளவு பெருமை!

பிறகு ஒரு கம்பெனி நேர்காணல். அவளுடைய பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். போட்ட விடைகளைப் புரட்டியவர் கண்ணில் அது பட்டது. "இதில் வேறு யாரோ பெயர் இருக்கிறதே... மற்றதெல்லாமும் இப்படித்தானா?" என்று கேட்டாராம். அத்தனை மாதம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ஒவ்வொன்றும், நான் ஒட்டிய ஒன்றால் திருட்டாகிவிட்டது!

வந்ததும் வராததுமாக, வாசலில் நான் பார்த்துக்கொண்டிருக்க, மாடிப்படியில் ஸ்டெல்லாவை மறித்தாள்.

"உனக்கு வேலை கிடைச்சிடுச்சுல்ல? எனக்குக் கிடைச்சா உனக்கென்னடி வயித்தெரிச்சல்? நான் ஆஸ்பத்திரில கிடந்த அன்னைக்கு அதை ஒட்டினது யாரு? என் பாஸ்வேர்டு உன்னைத் தவிர யாருக்குடி தெரியும்?"

"யேசு மேல சத்தியமா நான் தொடலடி! அங்கிள், நீங்களாவது சொல்லுங்க அங்கிள்..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கென்னம்மா தெரியும்? துணி எடுத்துட்டு உடனே கிளம்பிட்டேன்."

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சொன்னேன்! மகள் முன்னால் சிறுத்துப்போவேனே என்ற பயத்தில், இன்னொருவர் பெற்ற பெண்ணைத் திருடியாக்கினேன். அன்றோடு அந்தப் படியில் அவர்களின் கத்தல் நின்றது.

நித்யா இப்போது முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள். தனியாக. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பழக்கதோஷத்தில் மேலே நிமிர்ந்து பார்க்கிறாள்... உடனே முகம் கல்லாகிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சோறு தின்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பிய ஸ்டெல்லா படியில் என்னைக் கண்டு நின்றாள்.

"அன்னைக்கு லேப்டாப் உங்க வீட்ல இருந்துச்சு. வீட்டுச் சாவி உங்க கையில இருந்துச்சு. எனக்குத் தெரியும் அங்கிள்." குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லமாட்டேன். அவளுக்கு நீங்கன்னா உசிரு. அதுவும் போயிட்டா அவ தாங்கமாட்டா."

என் கன்னத்தில் அறைந்திருக்கக் கூடாதா அந்தப் பெண்? கூவி ஊரைக் கூட்டியிருக்கக் கூடாதா? அவள் மேலேயே எனக்குக் கோபம் பொங்கியது!

ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"ரொம்ப தேங்க்ஸ்மா."

தேங்க்ஸாம்... தேங்க்ஸ்!