வில்லியம் மகனும் அய்யாவு மகனும்

காலை ஏழரைக்கு ரோலா நிறுத்தத்தில் துபாய் பேருந்து ஏறினேன். கட்டணம் பன்னிரண்டு திர்ஹாம். போகிற இடமெல்லாம் குடும்பப் பெயர்களின் பூர்வீகம் விசாரிப்பது என் கிறுக்கு. ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ஆங்கிலேயர், பெயர் ஃபிட்ஸ்வில்லியம். பிரான்சின் வடகரையிலிருந்து கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் விட்டுச்சென்ற வகைப் பெயர். விடுவேனா?

துபாயில் மெட்ரோவுக்கு மாறி ஜெபல் அலியில் இறங்கியதும் கிடங்கின் பிக்கப்போடு செல்வம் நின்றிருந்தார். பரமக்குடிக்காரர், ஓட்டுநர். அவர் கைபேசியில் யாரோ இந்திக்காரர் "அய்யாவு பாய்" என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார்.

"உங்க பேரு செல்வம்தானே?"

"அய்யாவு எங்கப்பா சார். பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு காலியா இருந்தா விசா வராதுன்னாங்க. அவர் பேரைப் போட்டேன். இங்க எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க."

ஊரில் அப்பாக்கள் ஒற்றை எழுத்தாக நம் பெயருக்கு முன்னால் அடங்கிக் கிடப்பார்கள். இங்கே ஆளையே விழுங்கிவிடுகிறார்கள்.

"வேற சாதியில கட்டுனேன்னு வீட்டைவிட்டுத் துரத்துன மனுசன் சார். பேத்தி பொறந்து எட்டு மாசமாச்சு, எட்டிப் பாக்கல."

அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். குடும்பப் பெயர் அய்யாவுவா, செல்வமா? இன்றைக்குள் மனைவிக்குச் சொல்லியாக வேண்டும். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தால் விமான நிலையத்தில் தொல்லையில்லை என்பது ஏஜென்ட் வாக்கு.

கிடங்கில் ஃபிட்ஸ்வில்லியம் எங்கள் இருவருக்கும் தேநீர் கொடுத்தார். நார்மன் பெயர்களில் பல, ஊர்ப் பெயர்கள் என்றார். நெவில் என்றால் புதிய ஊர். போமான்ட், அழகிய குன்று. நம் புதுப்பட்டிக்காரர் அங்கே பிறந்திருந்தால் பிரபுவாகியிருப்பார்.

"ஃபிட்ஸ் என்றால் மகன். முதலில் தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறியது. எங்கோ ஒருவர் மாற்றாமல் விட்டார். வில்லியம் அப்படியே தங்கிவிட்டார்."

நான் தமிழில் சொல்லச் சொல்லச் செல்வம் கவனமாகக் கேட்டார். "அந்த வில்லியம் நல்ல ஆளான்னு கேளுங்க சார்."

கேட்டேன். அதிகாரி சிரித்தார். "யாருக்குத் தெரியும்? என் அப்பா ஜான். தங்கமான மனிதர். அவர் பெயர்தான் என் பெயரில் எங்கேயும் இல்லை."

செல்வம் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். நானும் விடைபெற்றுக் கிளம்பினேன். வாசலில் செல்வம் கைபேசியில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"செல்வம்னே போடும்மா. ஏர்போர்ட்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். பாப்பாவுக்கு நான்தானே அப்பன்?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குள் கிடங்கிலிருந்து அவரை அவசரப்படுத்தி ஒரு குரல் வந்தது.

"அய்யாவு பாய்! யல்லா, ஜல்தி!"

"ஆயா பாய்!" என்று, வந்துவிட்டேன் என்பதை இந்தியில் கத்தியபடி செல்வம் ஓடினார்.