செல்வியின் பெயருக்கு எதிரே சிவப்பு

சூளைக் கொட்டகையில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னவள் நான். எங்கள் பேராசிரியருக்கு அதில் விருப்பமில்லை. லேப்டாப்பில் பார்த்துக்கொண்டால் போதாதா என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நல்லூரில் பிறந்து விருத்தாசலத்தில் படித்தவள், சொந்த ஊர்க்காரர்கள் என் வேலையைக் கண்ணால் பார்க்கட்டுமே என்ற பெருமை. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவில் ப்ராஜெக்ட் இன்ஜினியர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. கேபிள் இழுத்து இழுத்தே கை காய்த்துப் போனவள். வாயும் கொஞ்சம் நீளம்தான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்காரர்கள் சேர்ந்து ஒரே கேஸ் சூளையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எப்போது முறை என்பதில் ஓயாத சண்டை. அதைத் தீர்க்கிறோம் என்று ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி வைத்தோம். நடுவில் சர்வர் என்று எதுவும் கிடையாது. பெட்டிகளே தங்களுக்குள் பேசி முறையை முடிவு செய்யும். அதுதான் ஆராய்ச்சி. ஒவ்வொரு பெட்டியும் ‘நான் இருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்கு விடாமல் செய்தி அனுப்ப வேண்டும். அதை ஹார்ட்பீட் என்போம். அது வராவிட்டால் மற்றப் பெட்டிகள் கூடி, அந்த ஆள் இல்லை என்று முடிவு கட்டி, முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும்.

பெட்டிகளுக்கு எண் கொடுப்பதுதான் வழக்கம். ஊர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று நான் யூனிட்காரர்களின் பெயரையே கொடுத்தேன். ஹார்ட்பீட் வந்தால் கொட்டகை டிவியில் பெயருக்கு எதிரே பச்சை, வராவிட்டால் சிவப்பு.

செல்வி ஊறுகாய் ஜாடி செய்பவர். கணவருக்கு முதுகு போய்விட்டதால் ஷெட்டை அவரே நடத்துகிறார். மற்றவர்கள் எல்லாம் பச்சையாக இருக்க, அவர் பெயர் மட்டும் அடிக்கடி சிவந்துகொண்டே இருந்தது. ஜாடி சுடத் தயாராகும் நேரம் பார்த்து முறை கைமாறிப் போகும். நான் போன் போட்டேன். பெட்டியை ஏன் அணைக்கிறீர்கள், உங்கள் ஒருத்தரால் எல்லாருக்கும் தொந்தரவு, பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா என்று கத்தினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம், ஷெட்டில் வேலைக்கு வந்த பெண்கள் முன்னால் அத்தனையும் கேட்டிருக்கிறது. அவர் ஒன்றுதான் சொன்னார்.

“நான் அந்தப் பொட்டியத் தொடவே இல்லீங்க மேடம்.”

நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. ஜாடிகளை மொத்தமாக எடுப்பவர் மங்கலம்பேட்டைக் கடைக்காரர் ஒருவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொட்டகைக்கு வரும்போதெல்லாம் டிவியைப் பார்ப்பார். சிவப்பு என்றால் அந்த அம்மா ஷெட்டைத் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். யாரைக் குற்றம் சொல்வது? நாங்கள் டிவியை மாட்டினோம், அவர் படித்தார். ஊறுகாய் சீசன் ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார். செல்விக்கு வருஷத்தில் பெரிய வருமானமே அந்த ஆர்டர்தான்.

எனக்கு இது தெரியாது. நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அவர் ஷெட்டுக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடிகள் பலகை மேல் வரிசையாக இருந்தன. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஃபேனைப் போடுங்களேன் என்றேன்.

“வேணாங்க மேடம். காத்து பட்டா ஜாடி விரிசல் வுட்டுரும். காயிற வரைக்கும் ஃபேன் போட மாட்டோம்.”

அண்ணாந்து பார்த்தேன். உயரத்தில் மாட்டியிருந்த எங்கள் பெட்டியில் விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினேன். ஃபேன் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் அதுவும் செருகியிருந்தது. அங்கே செருகியது எங்கள் ஆட்கள். சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். பாக்ஸின் சுவிட்சை அணைத்தால் இரண்டும் சேர்ந்து அணையும். எவ்வளவு நேரம் கவனமாக ஜாடியைக் காய வைத்தாரோ அவ்வளவு நேரம் அவர் பெயரைச் சிவப்பில் காட்டியிருக்கிறோம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் ஆர்டர் போன கதை வெளியே வந்தது.

“அப்ப தப்பு என்மேல இல்லீங்களா?” என்றார்.

இல்லை என்றேன்.

“அத கொட்டாயில வந்து சொல்லுங்க. பாயும் இருக்கணும்.”

பேராசிரியரிடம் சொன்னபோது, இது சின்ன இன்ஸ்டலேஷன் தவறு, ஒயரை மாற்றிவிட்டு வாருங்கள், பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். அவர் கவலை அவருக்கு. நாங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையில், நம்பகமில்லாத ஒரு பங்கேற்பாளர் இருந்தும் சிஸ்டம் தடையில்லாமல் ஓடியது என்று ஒரு பத்தியே இருந்தது. அந்தப் பங்கேற்பாளர் செல்விதான். அதை டைப் செய்ததும் நான்தான்.

பாய் சரக்கு எடுக்க வந்த நாளில் கொட்டகைக்குப் போனேன். யூனிட்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மளமளவென்று சொல்லி முடித்தேன்: “செல்வி யூனிட்ல ஒரு பவர் இஷ்யூ. நோடு ஃபால்ஸா டவுன்னு ரிப்போர்ட் ஆயிருக்குது. ஃபிக்ஸ் பண்ணிட்டோம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். பாயும் ஆட்டினார். அப்பாடா, முடிந்தது என்று பையை எடுத்தேன்.

“மேடம்,” என்றார் செல்வி. குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ஒண்ணும் புரியலீங்க. இவங்களுக்கும் புரிஞ்சிருக்காது. என்னத் திட்டுனப்ப தமிழ்லதான திட்டுனீங்க?”

பையைக் கீழே வைத்தேன். கூனிக் குறுகி நின்றேன் என்று எழுதினாலும் அது குறைச்சல்தான். பிறகு சொன்னேன்: “செல்வி ஒரு நாள்கூட வேலைய நிறுத்தல. ஒயர நாங்கதான் தப்பா மாட்டுனோம். அவங்கமேல பழிய நாங்கதான் போட்டோம். நான் திட்டுனதும் தப்பு.”

பாய் சங்கடத்தோடு தாடியைத் தடவிக்கொண்டார். இந்த சீசன் ஜாடியை வேறொருவரிடம் சொல்லி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று, வாக்கு மாற முடியாது, அடுத்த லோடு செல்விக்குத்தான் என்றார். செல்வி சரிங்க பாய் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குக் கிளம்பினார். போன ஆர்டர் போனதுதான். கட்டுரையிலிருந்த பத்தியை எடுத்துவிட்டு நடந்ததை அப்படியே எழுதினேன். பேராசிரியர் ஒரு முறை அதை அடித்து நீக்கினார். நான் மறுபடியும் சேர்த்தேன்.

பிள்ளைகளே, ஹார்ட்பீட் வரவில்லை என்றால், வரவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதற்கு மேல் எதையும் ஒரு ஆளின் பெயருக்கு எதிரே எழுதாதீர்கள். எழுதிவிட்டால், பார்த்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், அவர்களுக்குப் புரிகிற பேச்சில் திருத்துங்கள். திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியம் அந்த ஆளுக்கு வரக் கூடாது. செல்வி என்னிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதுவும் இரண்டு முறை.