ஆறாம் நாள் எடுத்த இரத்தம்

கொக்குவிலில் குணலட்சுமியின் குசினிச் சுவரில் ஒரு கொப்பி நூலில் தொங்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத்து அச்சுப்போல் இருக்கும். காலைச் சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, அடுத்த கிளினிக் எப்போது என்று எல்லாம் திகதியோடு அதில் ஏறும். அதில் ஒரு வரிகூட அவளைப் பற்றியதல்ல. எல்லாம் தம்பி கேதீஸ்வரனுடையது.

தாய் செத்தபோது அவனுக்குப் பதினொரு வயது, அவளுக்கு இருபது. கூட்டுறவுக் கடையில் மா நிறுத்துக் கொடுத்து அவனைப் படிப்பித்தாள். அவன் மின்கம்பம் ஏறும் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுடைய நடையே மாறிவிட்டது. மழைக்குள் ஒழுங்கை இருண்டு, பிறகு வெளிச்சம் வந்தால், பக்கத்து வளவுக்குக் கேட்கும்படி சொல்லுவாள்:

"என்ரை தம்பி ஏறியிருப்பான்."

ஐம்பது வயதில் அவனுக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்தது. போன வருடம் ஆடியில் கொலஸ்ரோலும் கூட என்று கிளினிக்கில் இரவுக் குளிசை ஒன்று சேர்த்தார்கள். ஏழு நாளுக்கும் ஏழு அறை கொண்ட பெட்டியில் அதையும் போட்டாள். ஒரு மாதம் கழிய அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இந்தக் குளிசை துடங்கினாப் பிறகு கால் உளையுது. கம்பத்திலை பாதியிலை நிண்டு மூச்சு வாங்கிறன். கீழை நிண்டு எங்கடை புதுப் பொடியன் கஜீவன் கேக்கிறான், அண்ணை, மேலை குடியிருக்கப் போறியளோ எண்டு."

"உவன் முளைச்சு மூண்டு இலை விடேல்லை, உன்னோடை பகிடியோ?"

"பகிடியை விடக்கா. கம்பம் ஏறேலாட்டி என்னைக் கந்தோரிலை கதிரை துடைக்க விட்டிடுவாங்கள்."

அந்தப் பயம் அன்றைக்கே அவளுக்கும் தொற்றிவிட்டது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. வருத்தக்காரன் என்று பார்க்காமல் கேதீஸ்வரன் ஆறு நாளும் விரதம் பிடித்தான். மாலையில் ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம், அதோடு குளிசை. அவ்வளவுதான். கிளினிக்கில் கேட்டிருந்த இரத்தச் சோதனையும் அப்போதுதான் செய்ய இருந்தது. வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குணலட்சுமி யோசித்தாள். இதைவிட வெறும் வயிறு வேறு எப்போது கிடைக்கும்? ஆறாம் நாள், சூரன்போர் அன்று காலை, கோயிலுக்குப் போகமுன், அவனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் இரத்தம் கொடுக்க வைத்தாள்.

மத்தியானம் கிடைத்த சோதனைத் தாளில் இருந்த இங்கிலீசு அவளுக்கு விளங்கவில்லை. இலக்கம் விளங்கியது. கெட்ட கொழுப்பு என்று முன்பு நேர்ஸ் கோடு போட்டுக் காட்டிய வரியில் நூற்று அறுபத்தெட்டாக இருந்தது, இப்போது தொண்ணூற்றிரண்டு.

"தம்பி, பார்த்தியே. முருகன் இறக்கிப்போட்டான்."

"அப்ப உந்தக் குளிசை?"

"எதுக்கு? குறைஞ்சதைக் குறைக்கவோ?"

அன்று மாலையே பெட்டியின் ஏழு அறையிலிருந்தும் அந்தக் குளிசையை எடுத்தாள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் தாளைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. நிறுத்தியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதாமாதம் தந்த குளிசைகளை வீணாக்க மனமில்லாமல் ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்தாள்.

கால் உளைவு போனது. அவன் முன்புபோல் ஏறினான். நான்கு மாதம் அவளுக்கு அது ஒரு நல்ல காலம்.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வேலையிலிருந்து நேரத்தோடு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தான். சட்டை பிழிந்தெடுக்கலாம் போல வியர்வை. நெஞ்சில் நோ இல்லை, தாடைதான் உளைகிறது என்றான். சீனி இறங்கிவிட்டது என்று அவள் கற்கண்டு கொடுத்தாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். கொடுத்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்த பிறகுதான் ஓட்டோ பிடித்தாள்.

மாரடைப்பு. சலரோகக்காரருக்கு நெஞ்சு நோகாமலும் வரும் என்பதை அவள் வார்ட்டில்தான் கேள்விப்பட்டாள்.

மூன்றாம் நாள் டொக்டர் டிலக்ஷி, குணலட்சுமியின் கூட்டுறவுக் கடைக் காலத்தில் பிறந்திராத பிள்ளை, கட்டிலடிக்கு வந்தாள்.

"ஐயா, கொலஸ்ரோல் குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"இடைக்கிடை மறந்துபோவன், டொக்டர்," என்றான் கேதீஸ்வரன். கண் கூரையில் இருந்தது. "அக்கா தாறவ, நான்தான் போடிறேல்லை."

குணலட்சுமி பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பக்கம் திருப்பி நீட்டினாள். அதே அச்சு எழுத்து. 'சூரன்போர். கொழுப்பு 92. இன்று தொடக்கம் இரவுக் குளிசை நிறுத்தம்.'

"மறக்கேல்லைப் பிள்ளை. நான் நிப்பாட்டினனான்."

டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அம்மா, அந்தத் தொண்ணூற்றிரண்டு குளிசையாலை வந்தது. ஆறு நாள் விரதத்தோடை எடுத்த இரத்தத்தை வைச்சு ஒண்டும் முடிவெடுக்கக் கூடாது. சலரோகம் இருக்கிற ஆளுக்கு இலக்கம் நல்லா இருந்தாலும் இதைக் குடுக்கிறம், இரத்தக் குழாய்க்குக் காவலா. கால் உளைஞ்சா எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே. அளவைக் குறைச்சிருப்பம், இல்லாட்டி வேறை குளிசை தந்திருப்பம்."

"அப்ப என்னாலைதான் வந்ததோ?"

"அப்பிடி அறுதியாச் சொல்லேலாது, அம்மா. போட்டவைக்கும் வாறதுதான். போட்டிருந்தா வாய்ப்புக் குறைவு."

ஓம் என்றிருந்தால் அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் கோயிலுக்குப் போயிருப்பாள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டொக்டர் போனபின் தம்பியைக் கேட்டாள்.

"ஏனடா பொய் சொன்னனி?"

"நீ நிப்பாட்டெண்டு சொல்லேக்கை எனக்குச் சந்தோசமாத்தானே இருந்தது."

இப்போது வேறொரு குளிசை, சிறிய அளவில். கால் பெரிதாக உளைவதில்லை. ஆனால் இதயத்தில் பாதிப் பலந்தான் மிச்சம் என்றார்கள். கம்பம் ஏற விடமாட்டார்கள். அவன் கந்தோரில் முறைப்பாடு எழுதும் மேசையில் இருக்கிறான்.

சித்திரையில் ஒரு பின்னேரம் இடி இடித்து ஒழுங்கை இருண்டது. மின்சாரசபை லொறி வந்து நின்றது, கஜீவன் ஏறினான். கேதீஸ்வரன் மதிலடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். வெளிச்சம் வந்தது. பக்கத்து வளவில் யாரோ கை தட்டினார்கள். குணலட்சுமி பக்கத்து வளவைப் பார்க்காமல் பெட்டியை எடுக்க உள்ளே போனாள்.

அவன் உள்ளே வந்ததும் பெட்டியில் அன்றைய அறையைத் திறந்து குளிசையும் தண்ணீரும் நீட்டினாள். அவன் விழுங்கும் வரை பார்த்து நின்றாள். பிறகு கொப்பியில் திகதி போட்டு, 'போட்டாச்சு' என்று எழுதினாள்.

அலுமாரியில் ஜாம் போத்தல் இன்னும் இருக்கிறது. நூற்றுப் பதினாறு குளிசை. எண்ணி, மூடியில் துண்டு ஒட்டி எழுதி வைத்திருக்கிறாள்.